தள்ளிப்போடாத திருமண நாள்

ரயில்வேயில் 38 ஆண்டுகள் இருப்புப் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இதழுக்கு இதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் பாதை, பாலம், பழைய ரயில் நிலையம் இவற்றைப் பற்றியவையே. இந்த முறை வீட்டு விஷயம். எழுதலாமா, வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் என் மனைவியே, "எழுதுங்க. நாலு பேருக்குப் பிரயோஜனப்படும். எம்பேரு மட்டும் வேண்டாம்" என்று அனுமதி கொடுத்தாள். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் அவள் 'என் மனைவி' மட்டுமே.

2024 செப்டம்பர் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, எங்களுக்குத் திருமணமாகி 40 ஆண்டுகள் நிறைவடைந்தன. அன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில், ஆர்.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அன்று நான்காவது கீமோதெரபி.

"அடடா, கல்யாண நாளும் அதுவுமாகவா?" என்று பின்னால் கேட்டு வருத்தப்பட்டவர்கள் பலர். உண்மையில் அந்த நாளை நாங்கள் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு முறை தள்ளிப்போன கதை

திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் உருவானது 1979 அக்டோபர் 2ஆம் தேதி. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இங்கிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கோட்டத்துக்கு ஒரு வயது நிறைவதற்குள், 1980இல், டிப்ளமோ சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தவன் நான். 1984 ஆவணி 17, ஞாயிற்றுக்கிழமை ஊரில் கல்யாணம். அடுத்த வாரமே புதுப்பெண்ணும் நானும் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறினோம். பிறகு கரமனையில் சொந்த வீடு. மகன் சிங்கப்பூரில், மகள் பெங்களூரில். நம்மில் பலருடைய கதைதான் இது.

2009இல் எங்களுக்கு 25ஆம் ஆண்டு. செப்டம்பர் 2ஆம் தேதி அந்த ஆண்டு திருவோணமாகவும் அமைந்துவிட்டது. ஊரே விடுமுறையில் இருந்ததால் நண்பர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். விடியற்காலை நாலரை மணிக்கு டெலிபோன் அடித்தது. தண்டவாளத்தின் வெல்டிங் இணைப்பு ஒன்றில் விரிசல். பண்டிகைக் கூட்டத்தோடு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. போனவன் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்பினேன். விருந்தினர்கள் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். என் மனைவி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயசத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

அடுத்தது 2018 ஆகஸ்ட், எனக்கு அறுபது நிறையும் மாதம். சஷ்டியப்த பூர்த்தியைத் திருக்கடையூரில் நடத்துவதாக ஏற்பாடு. மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனைக் காலால் உதைத்த தலம் அது. அட்ட வீரட்டானங்களில் ஒன்று. அறுபது, எழுபது, எண்பது நிறைந்தவர்கள் தம்பதியாக வந்து அமிர்தகடேசுவரர் சந்நிதியில் மறுபடி மாலை மாற்றிக்கொள்வது நம் வழக்கம். உறவினர்களுக்கு டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த ஆகஸ்டில் கேரளத்தில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெருவெள்ளம். பாதையில் மண் சரிவு, பாலங்களில் தண்ணீர், ரயில்கள் நிறுத்தம். வேலையில் எனக்கு அது கடைசி மாதம். பாதையை விட்டுவிட்டு மாலை மாற்றிக்கொள்ளப் போக மனம் வரவில்லை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். பிறகு கொரோனா வந்தது. "எழுபதுக்குச் சேர்த்துச் செய்துகொள்ளலாம்" என்றேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், 40ஆம் ஆண்டையாவது விடக் கூடாது என்று 2024 ஜனவரியிலேயே ஒரு மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். 150 பேருக்கு விருந்து என்று தீர்மானம்.

அவள் தள்ளிப்போட்டது

அதே ஜனவரியில்தான் என் மனைவி குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டியைக் கையால் உணர்ந்திருக்கிறாள். புளியங்கொட்டை அளவு, வலி இல்லை. மகளுக்கு மார்ச்சில் பிரசவம். "பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? பிரசவம் முடியட்டும்" என்று நினைத்தாளாம். பேத்தி பிறந்தாள். "நாற்பது நாள் கழியட்டும்" என்று நினைத்தாளாம். அதுவும் கழிந்தது. "மண்டபத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. செப்டம்பர் முடியட்டும்" என்று அதற்கடுத்த தவணையும் மனத்துக்குள் போட்டுவிட்டாள்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துவிடும்போது மகள்தான் கவனித்தாள். அந்த இடத்தில் தோல் சுருங்கி உள்ளே இழுத்தாற்போல் இருந்தது. அன்று மாலையே டாக்டரிடம் போனோம். ஒரு வாரத்தில் முடிவு தெரிந்துவிட்டது.

நான் அவளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. குறை என்னுடையது. நான் பார்த்த வேலையைச் சொன்னால் புரியும். தண்டவாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உண்டாகும் விரிசலைக் கண்டுபிடிக்க, அல்ட்ராசோனிக் கருவி பொருத்திய தள்ளுவண்டி ஒன்றைப் பாதையின் மேல் தள்ளிக்கொண்டு போவோம். ஒலி அலை இரும்புக்குள் சென்று, விரிசல் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி வரும். ஆபத்தான விரிசல் என்று தெரிந்தால் மூன்று நாட்களுக்குள் அந்தத் தண்டவாளத்தை மாற்றியாக வேண்டும். மாற்றும் வரை வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த விதியில் ஒரு நாள் தாமதித்தாலும் கீழே இருப்பவர்களைக் கண்டபடி ஏசியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், 40 ஆண்டுகளில் ஒருமுறைகூட "நீ ஒரு பரிசோதனை செய்துகொள்ளேன்" என்று அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு ஸ்கேன் எடுத்த அறையில், திரையில் தெரிந்த நிழலைப் பார்த்தபோதுதான் இதுவும் அதே ஒலி அலைதான் என்று உறைத்தது.

முன்கூட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உலகத்துக்குக் காட்டியதில் நம் திருவனந்தபுரத்துக்கும் பங்கு உண்டு. 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில், இந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் 1,90,000க்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, பெரிய கருவி எதுவும் இல்லாமல், வாய்க்குள் பார்த்தார்கள். சந்தேகம் உள்ளவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம், பார்க்கப்பட்ட பகுதிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2005இல் இந்த முடிவு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளியானது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பிறப்புக்கும் ஒரு தாமதம்தான் காரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த நோய் முதலில் சீதபேதி என்று கருதப்பட்டது. புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் தங்கை இறந்தார். அந்தத் துயரத்தில் பிறந்த எண்ணம் நிறைவேற 31 ஆண்டுகள் ஆயின. 1954இல், 12 படுக்கைகளோடு, அந்த மருத்துவமனை தொடங்கியது. நம் திருவனந்தபுரத்து ஆர்.சி.சி. 1981இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். கேரள மக்களுக்காக ஏற்பட்டதுதான் என்றாலும், கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து மக்களுக்கும் பல காலமாக இதுவே அடைக்கலம். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பாதி நேரம் நம் ஊர்ப் பேச்சுதான் காதில் விழும்.

சட்டைப் பையில் இருந்த தாலி

ஜூன் முதல் வாரத்தில் அறுவை சிகிச்சை. அன்று காலை சிஸ்டர் வந்து, வளையல், கம்மல், மூக்குத்தி, கழுத்தில் இருப்பது எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றார். மற்றவற்றைத் தயங்காமல் கழற்றினாள். தாலிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. 40 ஆண்டுகளில் அது கழுத்தை விட்டு இறங்கியதில்லை. சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. இத்தகைய தயக்கத்தைத் தினமும் பார்ப்பவர்களாக இருக்க வேண்டும். "திரும்பக் கட்டிக்கிடலாம் அம்மே" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்.

"நீங்களே கழத்துங்க" என்றாள் என் மனைவி என்னிடம். கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் கண் விழிக்கும் வரை ஏழு மணி நேரம். ரயில்வேயில் எத்தனையோ இரவுகளைப் பாதையில் நின்று கழித்திருக்கிறேன். அந்த ஏழு மணி நேரத்தைப் போல் நீண்ட இரவு எதுவும் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, தங்கச் சரடு கழுத்தில் உராய்ந்து அறுவை செய்த பக்கம் இழுக்கிறது என்பதால், மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டாள். ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வதாக எண்ணம்.

கணக்கும் காய்ச்சலும்

ஜூலை 1ஆம் தேதி கீமோதெரபி தொடங்கியது. 21 நாளுக்கு ஒருமுறை. முதல் நான்கு தவணை ஒரு மருந்து, அடுத்த நான்கு தவணை வேறு மருந்து. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், பழைய பழக்கப்படி, ஒரு காகிதத்தில் தேதிகளைக் குறித்ததுதான். ஜூலை 1, ஜூலை 22, ஆகஸ்ட் 12. நான்காவது செப்டம்பர் 2. பென்சிலை வைத்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தேன். தப்பில்லை.

செய்தி பரவியதும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து, "ஒரு வாரம் தள்ளி ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள் அப்பா" என்றான். மைத்துனன், "அத்தான், விழாவை அடுத்த வருஷத்துக்கு மாத்திருவோம். அக்கா முதல்ல தேறட்டும்" என்றான். அம்பாசமுத்திரத்திலிருந்து என் அக்கா, "தம்பி, அறுபதாம் கல்யாணத்தைச் செய்யாம விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம். ரெண்டு பேரும் திருக்கடையூருக்குப் போய்ட்டு வாங்க" என்றாள்.

டாக்டரிடம் கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். மருந்து வேகமாக வளரும் அணுக்களைத் தாக்குகிறது. புற்றுநோய் அணுக்களோடு சேர்ந்து முடியின் வேர், வாயின் உட்புறம், ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் இவையும் அடிபடும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். பிறகு மெல்ல ஏறும். அவை ஏறிய பிறகு அடுத்த ஊசி. இந்த இடைவெளி கணக்குப் பார்த்து வைத்தது. உடம்பு இடம் கொடுக்கவில்லை என்றால் நாங்களே தள்ளிப்போடுவோம், விருந்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். கூட்டத்துக்கும் நெடும் பயணத்துக்கும் இது சமயம் இல்லை என்றும் சொன்னார்.

அந்தக் கணக்கு எவ்வளவு சரியானது என்று ஆடிப் பதினெட்டு அன்று தெரிந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி. இரண்டாவது ஊசி போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் மகள் பூஜைக்கு மஞ்சளும் கயிறும் எடுத்து வைத்தாள். என் மனைவிக்கு உடம்பு நடுங்கியது. காய்ச்சல் 101 டிகிரி. மற்ற நாளாக இருந்தால் ஒரு மாத்திரையும் சுக்குக் கஷாயமும் கொடுத்துப் படுக்கச் சொல்லியிருப்போம். ஆனால் சிகிச்சைக் காலத்தில் 100.4 டிகிரியைத் தாண்டினாலே காத்திருக்கக் கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரி. வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. நான்கு நாள் உள்ளே இருந்து, நரம்பு வழி மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கயிறு பூஜை அறையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றிரவு பேச்சு மறுபடியும் கல்யாண நாளுக்குத் திரும்பியது. மண்டபத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றிவிடலாம் என்று நானும் சொன்னேன். முடியெல்லாம் கொட்டி, "திருச்செந்தூர்ல மொட்டை போட்டதா நெனச்சுக்கிடுதேன்" என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"இருவத்தஞ்சாம் வருஷம் தண்டவாளத்துக்காகத் தள்ளிப்போச்சு. அறுபதாம் கல்யாணம் வெள்ளத்துக்காகத் தள்ளிப்போச்சு. நானும் என் பங்குக்குக் கட்டியைத் தள்ளிப்போட்டேன். போதும். ஊசியையும் தள்ள வேண்டாம், நாளையும் தள்ள வேண்டாம். ரெண்டும் ஒரே நாள்ல நடக்கட்டும்."

அக்காவின் திருக்கடையூர் யோசனைக்கும் பதில் வைத்திருந்தாள். "மதினிகிட்ட சொல்லுங்க. எமனை உதைக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். இப்போதைக்கு மெடிக்கல் காலேஜ் வரைக்கும் போனாப் போதும்."

செப்டம்பர் 2

காகிதக் கணக்கைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 21 நாள் சுற்றில் அவளுக்குத் தெம்பு அதிகமாக இருப்பது அடுத்த ஊசிக்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள்தான். நாவில் ருசியும் அப்போதுதான் கொஞ்சம் திரும்பும். ஆகவே விருந்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அக்கா, மைத்துனன், மகள், மருமகன், பேத்தி, நாங்கள் இருவர். மகன் டெலிபோன் திரையில். என் மனைவி கேட்டது சொதியும் இஞ்சித் துவையலும். மறுநாளிலிருந்து தாளிக்கும் வாசனையே ஆகாது என்பதால் அன்று இரண்டு கை அதிகமாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பூஜை அறையில் விளக்கேற்றினோம். ஒரு மாதமாகக் காத்திருந்த புதுக் கயிற்றில் தாலியைக் கோத்து நான் முதல் முடிச்சைப் போட்டேன். மற்ற இரண்டு முடிச்சையும் போட்டது அக்கா. 1984இல் அம்பாசமுத்திரத்தில் போட்டவளும் அவள்தான். அன்று பட்டுச் சேலையில் நின்றாள். இன்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு நின்றாள். முடிச்சுப் போடும்போது அவள் கைதான் நடுங்கியது. என் மனைவி, "இறுக்கிப் போடுங்க மதினி" என்று சிரித்தாள். சோமவார அமாவாசை ஆனதால் அக்கா அரசமரம் சுற்றக் கோயிலுக்குப் போனாள். நாங்கள் ஆட்டோவில் மருத்துவக் கல்லூரிக்குப் புறப்பட்டோம்.

சனிக்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை போதுமான அளவு இருந்தது. எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு, மருந்து தயாராக மணி பதினொன்று ஆகிவிட்டது. சிவப்பு நிறத்தில் உள்ள மருந்து அது. முதல் தடவை பார்க்கும்போது எங்களுக்கு அச்சமாக இருந்தது. அன்று அது கடைசித் தவணை.

ஊசி குத்த வந்த சிஸ்டர், கழுத்தைப் பார்த்துவிட்டு, "அம்மே, புதிய சரடாணல்லோ!" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அப்போள் மதுரம் எவிடெ?" என்று கேட்டார். மைத்துனன் கொண்டுவந்திருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலம் என் பையில் இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும், வெளியே வராந்தாவில் துணைக்கு வந்து காத்திருந்தவர்களுக்கும் கொடுத்தேன்.

வராந்தாவில் தென்காசிப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்கும் அன்று ஊசி. கடலைமிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்களுக்கு எந்தத் தேதின்னே தெரியாது சார். ஒரு தை மாசம், அறுப்பு முடிஞ்ச கையோட நடந்துச்சு. வருஷமும் சரியா ஞாபகம் இல்ல. நீங்க கொண்டாடுத மாதிரி நாங்க ஒருநாளும் கொண்டாடுனதில்ல. இன்னைக்கே நாங்களும் வச்சுக்கிடுதோம்" என்றார். சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், தன் மனைவி கையில் அந்த மிட்டாயைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து என்னை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தெரிந்து எங்கள் 40ஆம் ஆண்டுக்கு வந்த பெரிய வாழ்த்து அதுதான்.

பக்கத்தில் இருந்த மலையாள நண்பர் ஒருவர் நடிகர் இன்னசென்ட்டை நினைவுபடுத்தினார். நம் வாசகர்கள் பலருக்கும் அவரைத் திரையில் தெரியும். 2012இல் அவருக்குப் புற்றுநோய் வந்தது. பின்னர் அவர் மனைவி ஆலிஸுக்கும் வந்தது. ஒரே வீட்டில் இருவருக்கும் சிகிச்சை. அந்த அனுபவத்தை அவர் 'கான்சர் வார்டிலே சிரி' என்று ஒரு புத்தகமாக்கினார். புற்றுநோய் வார்டில் சிரிப்பு என்று பொருள். 2014இல் சாலக்குடித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். 2023 மார்ச் 26ஆம் தேதி காலமானார். நோய் கண்ட பிறகு அவருக்குக் கிடைத்த பதினோரு ஆண்டுகளையும் அவர் காத்திருப்பில் கழிக்கவில்லை என்று அந்த நண்பர் சொன்னார்.

இரண்டு மணிக்கு ஊசி முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள். மாலையில் இரண்டு முறை வாந்தி. இரவு எட்டு மணிக்கு எழுந்து, குழைந்த தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் கேட்டாள். நாலு வாய் சாப்பிட்டாள். நானும் அதையே சாப்பிட்டேன். "2009ல இந்த நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தீங்க. இன்னைக்குக் காலையிலேர்ந்து கூடவே இருக்கீங்க" என்றாள்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்

தென்காசி அன்பரோடு பேசியதில் ஒரு விஷயம் தெரிந்தது. பல மாதங்களாக அவர் இருவருக்கும் முழுக் கட்டணம் கொடுத்துக் கொல்லம் வழியாக ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தார். சலுகை இருப்பதே அவருக்குத் தெரியாது. ரயில்வேக்காரன் என்ற முறையில் இதைச் சொல்வது என் கடமை.

சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் நூற்றுக்கு நூறு சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, ஏ.சி. சேர்கார் இவற்றில் 75 சதவீதம். இரண்டடுக்கு ஏ.சி., முதல் வகுப்பு ஏ.சி. இவற்றில் 50 சதவீதம். துணைக்கு வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு. அவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 சதவீதம், மற்ற வகுப்புகளில் நோயாளிக்கு உள்ள அதே அளவு. இதற்கென்று உள்ள படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. போகும் முன் கவுன்ட்டரில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்து, நோயாளியைப் பார்க்கப் போகும் அன்பர்களுக்கு. சிகிச்சை நடக்கும்போது பத்துப் பேராகப் போகாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். போன் செய்து பேசுங்கள். "உங்களுக்கா இப்படி?" என்று கேட்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு மாமி, வீட்டுக்குள் வராமல், வாரம் இரண்டு நாள் ரசமும் பருப்புத் துவையலும் செய்து வாசலில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டுப் போவார். அவரை நாங்கள் மறக்க மாட்டோம்.

கடைசியாக, நம் வீட்டுப் பெண்களுக்கு. இந்தியப் பெண்களிடையே இன்று அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். கட்டி என்றாலே புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. ஆனால் எது எந்த வகை என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். பிரசவம், கிரகப்பிரவேசம், பையனின் பரீட்சை, கல்யாண நாள் என்று வீட்டில் ஏதாவது ஒரு காரியம் எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆண்களுக்கும் சொல்கிறேன். வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நவம்பர் 25ஆம் தேதி எட்டாவது ஊசியும் முடிந்தது. பிறகு கதிர்வீச்சு சிகிச்சையும் 2025 ஜனவரியில் நிறைவடைந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனைக்குப் போய் வருகிறோம். ஒவ்வொரு முறையும் முடிவு வரும் வரை எனக்குக் கை பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அவளுக்கு முடி வளரத் தொடங்கிவிட்டது. முன்பு நீளமாக இருந்தது இப்போது சுருளாக வருகிறது. பேத்தி அதைப் பிடித்து இழுத்து விளையாடுகிறாள்.

மண்டபத்துக்காரரை மறந்துவிட்டேனே. ஆகஸ்டில் ரத்து செய்யப் போனபோது, அவர் மிகவும் இரக்கத்தோடு, "முன்பணம் போகாது சார். உங்கள் கல்யாண நாளை வேறு தேதிக்குத் தள்ளிவைத்துத் தருகிறேன்" என்றார்.

"நன்றி. ஆனால் இந்தத் தடவை நாங்கள் நாளைத் தள்ளிவைக்கவில்லை. மண்டபம் மட்டும்தான் வேண்டாம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.